லாரி எஞ்சினின் எண்ணெய்க் குளிர்விப்பான்

முன்னுரை

முதுகுன்றம் என்றும் பழமலை என்றும் நூல்களில் வழங்கும் விருத்தாசலம், பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. இன்று கடலூர் மாவட்டத்தில் அடங்கியது. மணிமுத்தாற்றின் கரையிலுள்ள பழமலைநாதர் கோயிலால் பண்டைக்காலத்திற் பெயர்பெற்ற இவ்வூர், இக்காலத்தில் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றிருக்கின்றது. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேற்பட்ட அடுக்குகளிற் கிடைக்கும் வெண்களிமண் அருகில் இருப்பதனால், மின்சாரக் காப்புக் கருவிகளும் பொம்மைகளும் பிறவும் செய்யும் சிறு தொழிற்சாலைகள் பல இங்கே தோன்றின. பீங்கான் தொழிலைக் கற்பிக்கும் அரசினர் கலைநிலையம் ஒன்றும் இங்கு அமைந்தது. விழுப்புரத்தினின்று திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் இருப்புப்பாதையோடு சேலத்திற்கும் கடலூருக்கும் பிரியும் பாதைகள் கூடும் சந்திப்பு இதுவேயாயினும், மண்ணைச் சூளைக்குக் கொணர்வதும், வெந்த பண்டங்களை வைக்கோலிற் பொதிந்து வெளியூர்க்குக் கொண்டுசெல்வதும் பெரும்பாலும் லாரிகளின் வேலையேயாம்.

ஒரே ஒரு லாரியை முதலாகக் கொண்டு பிழைக்கும் குடும்பங்கள் பல உள. அந்த லாரி ஒரு திங்கள் பட்டறையில் நின்றால் கடன் தவணை நிற்காது, அடுப்பு நின்றுவிடும். எஞ்சினுக்கு வரும் நோய்களுள் தொடக்கத்திற் சிறியதாய்த் தோன்றி, அறியாது விட்டால் முழு எஞ்சினையும் அழிப்பது ஒன்று உண்டு. அது, பட்டறைகளில் ‘ஆயில் கூலர்’ என்று சொல்லப்படும் எண்ணெய்க் குளிர்விப்பான் ஓட்டைப்படுவதாம். அக்கருவி யாது, அது கெட்டதை அறிவது எங்ஙனம், மாற்றுவது எங்ஙனம் என்பவற்றை, யந்திர நூல் பயிலாத மாணவரும் விளங்கிக்கொள்ளுமாறு ஈண்டுக் கூறுவோம்.

எண்ணெயைக் குளிர்விப்பது ஏன்?

ஜெர்மனி தேசத்தவராகிய ருடால்ப் டீசல் என்பார், 1897 ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் தம் பெயரால் வழங்கும் எஞ்சினை வெற்றியாக ஓட்டிக் காட்டினார். அதில் தீப்பொறி வேண்டுவதில்லை. காற்றை மிகுதியாக அழுத்தினால் அது தானே சூடேறும். அச்சூட்டில் எண்ணெயைப் பீச்சினால் உடனே பற்றிக்கொள்ளும். பற்றியெரியும் கணத்தில் சிலிண்டருக்குள் உள்ள வாயுவின் வெப்பம் ஏறத்தாழ 2000 டிகிரி செல்சியஸ் அளவிற்கு எழும். விருத்தாசலத்துச் சூளைகளில் பீங்கான் வேகுவது சுமார் 1200 டிகிரியில். ஆகவே, சூளையினும் கடுமையான நெருப்பு ஒன்று, நிமிஷத்திற்குப் பல நூறு முறை, கையளவான ஓர் இரும்புக் கலத்துள் எழுந்து அடங்குகின்றது. பிஸ்டனோ அலுமினியக் கலப்பாற் செய்யப்படுவது. தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். இவ்வளவு தீக்கு நடுவே பிஸ்டன் உருகாதிருப்பது, அதன்மேற் படும் வெப்பம் தங்குவதற்கு முன்னரே அகற்றப்படுதலால் அன்றோ?

எரிபொருளின் வெப்பத்தில் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுவது ஐந்தில் இரு பங்கு அளவே. எஞ்சியதிற் பெரும்பகுதி புகையோடு வெளியே போகும். மற்றது நீராலும் எண்ணெயாலும் அகற்றப்பட வேண்டும். நீர், சிலிண்டரின் புறச்சுவரைச் சுற்றி ஓடி அதனைக் குளிர்விக்கும். நீர் புக முடியாத பிஸ்டனின் அடிப்புறத்திற்கும், கிராங்க் ஷாப்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கும், நிமிஷத்திற்குப் பல்லாயிரம் முறை சுழலும் டர்போவிற்கும் எண்ணெயே துணை. உராய்வைத் தடுப்பது மாத்திரம் எண்ணெயின் கடமையன்று. வெப்பத்தைச் சுமந்து செல்வதும் அதன் கடமையேயாம்.

சூடேறச் சூடேற எண்ணெய் நீர்த்துப்போகும். பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையே நின்று, இரும்பை இரும்பு தொடாமல் தாங்குவது மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலமே. எண்ணெய் மிகவும் நீர்த்தால் அப்படலம் அறுந்துபோகும். அன்றியும், வெப்பம் பத்து டிகிரி மிகுந்தோறும் எண்ணெய் காற்றோடு கலந்து கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது ரசாயன நூலார் கண்ட பொது விதி. ஆதலின் எண்ணெயை ஏறக்குறைய 90 முதல் 110 டிகிரிக்குள் நிறுத்தி வைப்பதற்கு ஒரு கருவி வேண்டியதாயிற்று.

கருவியின் அமைப்பு

லாரிகளின் டீசல் எஞ்சின்களில் எண்ணெய்க் குளிர்விப்பான் பெரும்பாலும் எஞ்சினின் பக்கத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். மெல்லிய தகடுகளை அடுக்கிப் பற்றவைத்த ஒரு பெட்டியாகவோ, சிறு குழல்களின் கட்டாகவோ அது அமையும். உட்புறம் எண்ணெய் ஓடும். வெளிப்புறம் ரேடியேட்டரின் நீர் ஓடும். இடையில் இருப்பது ஒரு மெல்லிய உலோகச் சுவர். எண்ணெயின் வெப்பம் அச்சுவரைக் கடந்து நீரைச் சேரும். நீர் அதனைச் சுமந்து சென்று ரேடியேட்டரிற் காற்றுக்குக் கொடுத்துவிடும்.

சுந்தரமூர்த்தி நாயனார் இத்திருமுதுகுன்றத்து மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்று பெரியபுராணம் கூறும். எண்ணெய் ஓரிடத்தில் இட்ட வெப்பத்தை ரேடியேட்டர் வேறோரிடத்தில் எடுத்து வீசுவதும் அதனை ஒருபுடை ஒப்பது. ஆனால் இங்கே கடந்து செல்ல வேண்டுவது வெப்பம் ஒன்றே. எண்ணெயே சுவரைக் கடந்தால் அதுவே நோய்.

கருவியின் வடிவும் இடமும் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். 1948 இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955 இல் அசோக் லேலண்டு எனப் பெயர்பெற்ற எண்ணூர்த் தொழிற்சாலையின் வண்டிகளும், 1954 இல் டெய்ம்லர்-பென்ஸ் கம்பெனியோடு உடன்படிக்கை செய்து லாரி செய்யத் தொடங்கிய டாட்டாவின் வண்டிகளும் நம் சாலைகளில் மிகுதி. 1993 இல் ஜாம்ஷெட்பூரில் அமைந்த டாட்டா கம்மின்ஸ் கம்பெனி செய்யும் ‘பி’ வரிசை எஞ்சினில், எஞ்சின் பாளத்தின் பக்கத்திலுள்ள ஒரு குழியினுள்ளேயே தகட்டுக் குளிர்விப்பான் அடங்கி நிற்க, எண்ணெய் பில்டரைத் தாங்கும் தலைப்பகுதியே அதற்கு மூடியாக அமைந்திருக்கின்றது. பம்பினின்று வரும் நீர் முதலில் அக்குழியிற் பாய்ந்து, பின்னரே சிலிண்டர்களைச் சுற்றிச் செல்லும். கீழே கூறும் முறை அவ்வமைப்பை மனத்திற் கொண்டது. பிற எஞ்சின்களுக்கு அவ்வக் கம்பெனியாரின் கைந்நூலையே பிரமாணமாகக் கொள்ளுக.

நோயும் குறியும்

குளிர்விப்பான் கெடுவதற்குக் காரணங்கள் சில உள. கம்பெனியார் விதித்த கூலன்ட் திரவத்தை ஊற்றாமல், வழியிற் கண்ட கிணற்றின் உப்பு நீரையே ஊற்றி வருதல் முதற் காரணம். அந்நீர் உலோகத்தை அரிக்கும். உப்புப் படிந்து வழியை அடைக்கவும் செய்யும். ஓயாத அதிர்ச்சியாலும், சூடேறலும் ஆறலும் மாறி மாறி வருதலாலும் பற்றவைத்த மூட்டுக்கள் விண்டுபோதல் இரண்டாவது காரணம். வண்டி குளிர்ந்திருக்கும்போது எண்ணெய் தடித்திருக்கும். அப்பொழுதே எஞ்சினைக் கடுவேகத்தில் உறுமவிட்டால் எண்ணெயின் அழுத்தம் திடீரென உயர்ந்து, நலிந்த மூட்டைப் பிளந்துவிடுவதும் உண்டு.

நோயின் குறிகளை அறிய விரும்புவோர் ஒன்றை நன்கு உணர்தல் வேண்டும். எஞ்சின் ஓடும்பொழுது எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு மூன்று நான்கு கிலோகிராம் அளவிற்கு இருக்கும். நீரின் அழுத்தமோ, ரேடியேட்டர் மூடி இடங்கொடுக்கும் ஒரு கிலோகிராம் அளவைப் பெரும்பாலும் கடவாது. அழுத்தம் மிக்கது அழுத்தம் குறைந்ததை நோக்கிச் செல்லுதல் இயற்கை. ஆகவே, சுவரில் ஓட்டை விழுந்தால், வண்டி ஓடும்பொழுது எண்ணெய் நீருக்குட் புகும். ரேடியேட்டரின் மேல்தொட்டியில், பால் மிகுந்த காப்பி போன்ற நிறத்தில், குழம்பு படியும். அளவுகோலில் எண்ணெய் குறைந்துகொண்டே வரும். எஞ்சினை நிறுத்தியதும் எண்ணெயின் அழுத்தம் உடனே அற்றுப்போகும். சூடான நீரின் அழுத்தமோ சிறிது நேரம் நிற்கும். அப்பொழுது நீர் திரும்பி எண்ணெய்க்குட் புகும். பகலெல்லாம் எண்ணெய் நீரிலும், இரவில் நீர் எண்ணெயிலும் கலக்கும் இவ்விசித்திரமே எண்ணெய்க் குளிர்விப்பானின் தனிக்குறி என்னலாம்.

இதனை அறியாதார், ரேடியேட்டரில் எண்ணெயைக் கண்டவுடனே சிலிண்டர் ஹெட் காஸ்கட் போயிற்று என்று துணிந்து, எஞ்சினின் தலையையே கழற்றிவிடுவர். பல நாள் வேலையும் பெரும்பொருளும் செலவான பின்னும் நோய் நோயாகவே இருக்கும். ஹெட் காஸ்கட் கெட்டால், எரிந்த வாயு நீருக்குட் புகுதலின், ரேடியேட்டரில் ஓயாது குமிழிகள் எழும். குளிர்ந்த எஞ்சினை ஓட்டத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே நீர்க்குழாய் கல்லென இறுகும். நீர் வெளியே தள்ளப்படும். குமிழி கண்டவிடத்தும் ஒருமுறை பொறுத்தல் நலம். நீராற் குளிர்விக்கப்படும் பிரேக் காற்றுக் கம்ப்ரஸரின் ஹெட் காஸ்கட் கெட்டாலும் குமிழி தோன்றும். ஈர லைனர் பொருந்திய எஞ்சினில் லைனரின் அடி வளையம் கெட்டால், நீர் நேரே சம்ப்பில் இறங்கும். ரேடியேட்டரில் எண்ணெய் இராது. குமிழியின்றி நீரில் எண்ணெய் மாத்திரம் காணப்படின், முதலிற் சந்தேகிக்கத் தக்கது குளிர்விப்பானே.

எண்ணெயில் நீர் கலந்திருக்கின்றதா என்பதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. நன்கு காய்ந்த இரும்புத் தகட்டில் ஒரு துளி எண்ணெயை விடுக. நீர் இருப்பின், தாளிக்கும் கடுகு போலப் படபடவெனப் பொரியும். இரவு முழுதும் நின்ற வண்டியின் சம்ப் அடியிலுள்ள திருகை மெல்லத் தளர்த்தினால், கனம் மிக்க நீரே முதலில் இறங்கும்.

மாற்றும் முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பாட்டரியின் கம்பியைக் கழற்றி, எஞ்சின் முற்றும் ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் கொடிய ஆபத்தாம். மூடிய தொட்டியில் அழுத்தம் ஒரு கிலோகிராம் மிகுந்தால் நீர் கொதிப்பது 100 டிகிரியில் அன்று, 120 டிகிரி அளவிலேயே. மூடியைத் திறந்து அழுத்தம் நீங்கிய கணமே அந்நீர் பொங்கி ஆவியாய்ச் சீறி, முகத்தையும் கையையும் வேகச்செய்யும்.

ஆறிய பின்னர் நீரையும் எண்ணெயையும் தனித்தனிக் கலங்களில் இறக்குக. பில்டரைக் கழற்றி, அதன் உறையை அறுத்து உள்ளே உள்ள தாளை விரித்துப் பார்த்தல் நன்று. அதில் உலோகத் துகள் மின்னுமாயின், பேரிங் முன்னரே தேயத் தொடங்கிவிட்டதென்று அறிக. அந்நிலையிற் குளிர்விப்பானை மாத்திரம் மாற்றி வண்டியை ஓட்டுதல் தகாது. சம்ப்பையும் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

இனி, மூடியை மறைக்கும் குழாய்களையும், டர்போவுக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் மெல்லிய குழலையும் கழற்றி, அவற்றின் வாய்களைத் தூய துணியால் அடைக்க வேண்டும். மூடியின் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளத்தனவாய் இருக்குமென்று எண்ணுதல் கூடாது. ஓர் அட்டையில் மூடியின் உருவை வரைந்து, போல்ட் இருந்த இடந்தோறும் துளையிட்டு, கழற்றியவற்றை அவ்வத்துளையிற் செருகி வைப்பின், பூட்டும்பொழுது மயக்கம் நேராது. நீளமான போல்ட்டைக் குட்டையான துளையில் முடுக்கினால் பாளமே விண்டுபோகக் கூடும்.

மூடியை எடுத்தபின் குளிர்விப்பானும் வெளிவரும். அதன் வாய்களை அடைத்து, ஒன்றின் வழியே கம்பெனியார் குறித்த அழுத்தத்திற் காற்றைச் செலுத்தி, வெந்நீரில் அமிழ்த்துக. ஓட்டை உள்ள இடத்திற் குமிழி வரும். சைக்கிள் டியூப்பில் ஓட்டை காணும் முறையே இது. குமிழி வந்தால் நோய் இன்னதென்று ஐயமற உறுதிப்படும். வராவிடின் காஸ்கட்டையும் ஏனைய காரணங்களையும் ஆராய வேண்டும். புதிய கருவியைப் பூட்டிவிட்டுப் பழையதைச் சோதிப்பதினும், பூட்டுமுன் சோதிப்பது அறிவுடைமை.

ஓட்டையான குளிர்விப்பானைப் பற்றவைத்து மீண்டும் வழங்கலாகாதோ என்பர் சிலர். மெல்லிய தகடுகளின் உள்மூட்டைப் பட்டறையின் தீயாற் செவ்வையாகப் பற்றவைத்தல் அரிது. ஒரு மூட்டை அடைக்குங்கால் அடுத்த மூட்டு நெகிழும். அன்றியும், பேரிங் உடைந்த எஞ்சினின் குளிர்விப்பான் ஓட்டையற்றதாயினும் மாற்றத் தக்கதே. தகடுகளின் இடுக்கிற் சிக்கிய துகள்களை எவ்வளவு கழுவினும் முற்றும் நீக்க இயலாது. அவை பின்னர் ஒவ்வொன்றாய்ப் புறப்பட்டுப் புதிய பேரிங்கையும் தின்றுவிடும்.

பழைய காஸ்கட்டைச் சுரண்டுதற்குக் கூரிய உளி ஆகாது. முகத்தில் கீறல் விழுந்தால் அதன் வழியே கசிவு உண்டாம். சுரண்டுமுன் எண்ணெய் வழிகளைத் துணியால் அடைத்து, வைத்த துணிகளை எண்ணி, எடுக்கும்பொழுதும் எண்ணுக. புதிய குளிர்விப்பானின் வாய்களில், வழியில் தூசி புகாதிருக்கும் பொருட்டுக் கம்பெனியார் வைத்த அடைப்பான்கள் இருக்கும். அவற்றை எடுக்க மறந்து பூட்டினால் எண்ணெயின் வழி அடைபடும்; சிறு பிளாஸ்டிக் துண்டால் பெரிய எஞ்சின் பாழாகும். காஸ்கட்டும் வளையங்களும் புதியனவாகவே இருத்தல் வேண்டும். போல்ட்டுகளை முதலிற் கையாற் பூட்டி, பின்னர் டார்க் ஸ்பானரால் எதிரெதிராக இரண்டு மூன்று சுற்றில், விதித்த அளவிற்கே முடுக்குக. அளவு கடந்து முடுக்கினால் இறுக்கம் மிகாது. மூடி வளைந்து கசிவே மிகும்.

தூய்மை செய்தலும் தொடங்குதலும்

கருவியைப் பூட்டியதனால் வேலை முடிந்ததென்று கருதுவோர் பலர். ரேடியேட்டரிலும் எஞ்சினின் நீர்வழியிலும் படிந்த எண்ணெய்க் குழம்பு அங்கேயே இருப்பின், வெப்பம் நீருக்குச் செல்லாது தடைப்பட்டு எஞ்சின் மீண்டும் கொதிக்கும். ஆகவே, இதற்கென்று விற்கப்படும் கழுவுமருந்தை நீரிற் கலந்து ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும் அளவிற்குச் சூடேறும்வரை எஞ்சினை ஓட்டி, ஆறவிட்டு இறக்குக. நீர் தெளிவாக வரும்வரை இங்ஙனம் மீண்டும் மீண்டும் செய்தல் வேண்டும். மண்ணெண்ணெயையோ பெட்ரோலையோ ஊற்றிக் கழுவும் வழக்கம் தீது. தீப்பற்றும் அபாயம் உண்டு, ரப்பரும் கெடும். எண்ணெய் ஊறி உப்பி மெத்தென்றிருக்கும் ஹோஸ்களையும் இப்பொழுதே மாற்றிவிடுதல் வேண்டும். அவை இன்று தாங்கினும், பாரத்தோடு மேடேறும் ஒரு நாளில் வெடிக்கும்.

எஞ்சினைக் கழுவுதற்காக முதன்முறை தொடங்குமுன்னரே புதிய பில்டரையும் புதிய எண்ணெயையும் இட வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். அப்பொழுதும் உடனே ஓடவிடலாகாது. டீசல் செல்லும் வழியை அடைத்துவிட்டு, ஸ்டார்ட்டரால் சிறிது சிறிதாகச் சுழற்றுக. ஒரு முறைக்கு அரை நிமிஷத்திற்கு மேற்படாமலும், இடையே இரண்டு நிமிஷம் ஆறவிட்டும் சுழற்றினால் ஸ்டார்ட்டர் கெடாது. அழுத்தமானியின் முள் எழுந்தபின்னரே டீசலைத் திறக்க வேண்டும். இன்றேல், குளிர்விப்பானும் பில்டரும் நிரம்பும்வரை பேரிங்குகள் எண்ணெயின்றி உலர்ந்தே சுழலும்.

நீர்வழி தூய்மையான பின்னர், விதித்த கூலன்டை, உள்ளே உள்ள காற்று வெளியேறுமாறு மெல்ல ஊற்றுக. மெதுவான வேகத்திற் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தி, எண்ணெயும் நீரும் உள்ள அளவைப் பார்த்து, மூடியைச் சுற்றிக் கசிவு உண்டோ என்று நோக்குக. பின்னர்ப் பாரமின்றி ஒருமுறையும் பாரத்தோடு ஒருமுறையும் ஓட்டிப் பார்க்கலாம். மறுநாட் காலையில் மீண்டும் அளவுகளைச் சோதிப்பது இன்றியமையாதது. முன்னர் எண்ணெயில் நீர் கலந்திருந்தால், இப்பொழுது இட்ட எண்ணெயையும் பில்டரையும் சிறிது தூரம் ஓடியபின் மாற்றிவிடுக. மூலைமுடுக்குகளில் நின்ற நீர் அதனோடு நீங்கும். எண்ணெயின் அழுத்தம் பழைய அளவிற்கு எழாவிடின், நீரும் கூலன்டும் பேரிங்கை முன்னரே அரித்திருத்தல் கூடும் என்று ஐயுறுக.

கழிவெண்ணெய்

இறக்கிய எண்ணெயைப் பட்டறையின் பின்புறத்து மண்ணில் ஊற்றிவிடுதல் பலவிடத்தும் காணப்படுவது. மணிமுத்தாறு வெள்ளாற்றோடு கலப்பது. அதன் கரைகளில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. கிணறுகள் குடிநீர் தருகின்றன. மண்ணில் ஊற்றிய எண்ணெய் மழையோடு அந்நீரைச் சேரும். 2016 ஆம் ஆண்டின் இந்திய அரசினர் விதிகள் கழிவெண்ணெயை அபாயக் கழிவுகளுள் ஒன்றாக வைத்துள்ளன. அதனைப் பதிவுபெற்ற மறுசுத்தி நிலையத்தார்க்கே கொடுத்தல் வேண்டும். எண்ணெய் கலந்த நீரையும் சாக்கடையில் விடாது, தனியே மூடிவைத்து ஒப்புவித்தல் தகும்.

முடிவுரை

இவ்வேலையிற் பெரும்பொருள் செலவாவது கருவியை மாற்றுவதில் அன்று. தவறான இடத்தைத் திறந்து பார்ப்பதிலும், காலந்தாழ்த்தி எஞ்சினைக் கெடுப்பதிலுமே ஆம். பாட நூலில் நாம் படிக்கும் அழுத்த விதியும் கொதிநிலை விதியும் பட்டறையின் கரிபடிந்த தரையில் ஒரு குடும்பத்தின் சோற்றைக் காக்கும் விதிகளாய் நிற்கின்றன. அவ்விதிகளின் பெயரை அறியாமலே அவற்றைக் கையால் அறிந்த மெக்கானிக்குகள் நம் ஊர்களில் உளர். பெயரை அறிந்தும் ஸ்பானரைத் தொடாத பட்டதாரிகளும் உளர். இவ்விரு திறத்தாரும் ஒருவரிடம் ஒருவர் கற்பது இருவர்க்கும் நலம்.

லாரி வைத்திருப்போர் வீட்டிலுள்ள மாணவர்கட்கு ஒன்று சொல்லி முடிப்போம். விடியற்காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, எண்ணெயின் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். ரேடியேட்டரின் மூடியைத் திறந்து நீரின் நிறத்தையும் பாருங்கள். அதற்கு வேண்டுவது இரண்டு நிமிஷமும் ஒரு துண்டுத் துணியுமே. எண்ணெய் குறைந்து, நீர் காப்பி நிறங்கொண்டிருந்தால், அன்றைக்கு அவ்வண்டியிற் பாரம் ஏற்றவேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு நாட் கூலி போகும், எஞ்சின் நிற்கும்.